ஷமீமா விழுங்கிய ஆறு மாத்திரைகள்

நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது டிவி மாட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும், எந்த மருந்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் ஒரு பொம்மைப் பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். போன மாதம் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போனபோது பார்த்தேன். உறுப்புகளின் பெயரைக்கூட அந்தப் பொம்மை கூசாமல் சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் முகம் சூடாகித் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதை நர்ஸ் பெண்கள் கவனித்துவிட்டார்கள். “ஆயாம்மாவுக்கு வெக்கத்தப் பாரேன். இத்தன வருசம் பிரசவ ஆஸ்பத்திரியில எப்படித்தான் வேலை பாத்தீங்களோ!” என்று ஒருத்தி சிரித்தாள். நான் வேலை பார்த்த காலத்து டாக்டரம்மாவின் மகள்தான் இப்போது அங்கே டாக்டர். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் போடலாம், எப்படி வேலை பார்த்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று அவர் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

எப்படி வேலை பார்த்தேன் என்றால், பாதி நாள் வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். அப்படி மூடியதால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட இருந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். அந்த வீட்டு ஆட்களின் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

நான் பிறந்தது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு அங்கேயே ஒரு பிரசவ விடுதியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கிருந்த பெரிய நர்ஸம்மா எதற்கெடுத்தாலும் அதட்டுவார். கேள்வி கேட்டாலும் திட்டு, பதில் சொன்னாலும் திட்டு. ஆறு வருடத்தில் கத்தரிக்கோல்களை வேகவைக்கவும், பிள்ளையைத் துடைக்கவும், வாயைத் திறக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு என் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்தில் லாரி செட்டில் வேலை கிடைத்தது. அங்கே போனதும் டாக்டரம்மாவின் கிளினிக்கில் சேர்ந்தேன்.

டாக்டரம்மா அதட்டவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அப்புறம் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக “அஞ்சலை, அந்தத் தட்ட எடு” என்பவர், கோபத்தில் “அஞ்சலை, தட்ட எடுத்துக் குடுங்க” என்பார். அந்த ‘ங்க’ வந்தால் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

கர்ப்பமான பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வருவது சாதாரணம். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது வருவார்கள். வந்ததும் சொல்ல மாட்டார்கள். இடுப்பு வலி, தலைசுற்றல் என்று ஆரம்பித்து, எழுந்து போகும்போது கதவருகே நின்று மெல்லச் சொல்வார்கள். டாக்டரம்மா திரும்ப உட்கார வைத்துக் கேட்பார். நாற்றம் இருக்கிறதா, நிறம் என்ன, தயிர்த்திப்பி போலக் கட்டியாக வருகிறதா, சிறுநீர் போனால் எரிகிறதா. பிறகு பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் தொட்டெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூஞ்சையாக இருந்தால் நூல் நூலாகத் தெரியும். வாயில் சாப்பிடும் மாத்திரையும் அதற்கு இருக்கிறதாம். கர்ப்பிணிகளுக்கு அதை அவர் கொடுக்க மாட்டார். உள்ளே வைக்கிற மாத்திரைதான், ஆறு ராத்திரிக்கு ஆறு.

எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் டாக்டரம்மா என்னை எதிரே நிற்க வைத்து, பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிக்கச் சொன்னார். நகத்தை வெட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. படுக்கப் போகும் நேரத்தில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கு. பிறப்புறுப்புக்குள் விரலால், வலிக்காமல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் வை. திரும்பக் கையைக் கழுவு. மாத்திரை கரைந்து கொஞ்சம் வெளியே வரும், பயப்படாதே, துணி வைத்துக்கொள். இரண்டு நாளில் அரிப்பு நின்றாலும் ஆறையும் முடி. ரத்தமோ, நீரோ, காய்ச்சலோ, வயிற்று வலியோ வந்தால் உடனே வா.

டாக்டரம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். பெண்கள் தனியாக இருந்தால் அவர்களிடமும் எப்படியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவேன். பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

ஷமீமா லால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் கடலூர் ஓ.டி.யில் பிறந்தவள்தான் என்பதால் எனக்கு அவள்மேல் ஒரு ஒட்டுதல். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். புருஷன் ரியாஸ் துபாயில். அவள் முழுகாமல் இருந்த இரண்டாம் மாதத்தில் அவன் விமானம் ஏறியிருந்தான். மாமியார் மைமூன் பாயம்மாதான் அழைத்துவருவார்.

அன்றைக்கு ஷமீமாவைச் சோதித்தபோது டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். பூஞ்சை மட்டும் இல்லை, தோலே வெந்தது போலச் சிவந்து கிடந்தது.

“என்னத்தப் போட்டுக் கழுவுற?”

இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவள் சொன்னாள். “தொழுவுறதுக்கு முன்னாடி சுத்தமா இருக்கணும் டாக்டர். வெள்ளை பட்டுக்கிட்டே இருக்குது. அதனால காயத்துக்கு ஊத்துற மருந்து இருக்குல்ல, அதத் தண்ணியில கலந்து, சோப்பும் போட்டு…”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ?”

“அஞ்சு வேளையும்.”

“வெறும் தண்ணி போதும்மா. மருந்தும் வேணாம், சோப்பும் வேணாம். உள்ள விட்டுக் கழுவவே கூடாது. கழுவக் கழுவத்தான் எரியும். பருத்தித் துணி போடு, ஈரமானா உடனே மாத்து. தொழுகைக்கு என்ன செய்யணும்னு உங்க ஊருல மார்க்கம் படிச்ச ஆலிமாவ ஒரு வார்த்த கேட்டுக்க. நீ ஒருத்தி மட்டும் கேக்குற கேள்வி இல்ல அது.”

மாத்திரைக்கு எழுதிவிட்டு, “அஞ்சலை, சொல்லிக் குடுத்து அனுப்பு” என்றார்.

எங்கள் கிளினிக்கில் மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் காகிதக் கவரில் போட்டுத் தருவோம். படிக்காதவர்களுக்குப் புரிய வேண்டும் என்று காலை மாத்திரை என்றால் கவரில் சூரியன் வரைவேன், ராத்திரி என்றால் பிறை. இந்த மாத்திரையோடு வரும் பிளாஸ்டிக் குச்சியைக் கர்ப்பிணிகளுக்குத் தர மாட்டோம், விரல்தான் நல்லது என்பார் டாக்டரம்மா. ஆகவே இரும்புச் சத்து மாத்திரை ஒரு கவர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு கவர், இது ஒரு கவர். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான்.

சொல்லிக் கொடுக்கிற இடம் மருந்து கவுண்டருக்கு இந்தப் பக்கம், திரை போட்ட ஒரு மூலை. ஷமீமாவை அங்கே கூட்டிப் போனேன். பாயம்மாவும் உள்ளே வந்துவிட்டார். நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஷமீமாவின் கொழுந்தன் நின்றுகொண்டு, “அண்ணி, சீக்கிரம் வாங்க, காரை எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரரு கத்துறாரு” என்றான். அவன் செருப்பு திரைக்கு அடியில் தெரிந்தது.

நான் மூன்று கவரையும் கையில் கொடுத்தேன். “சூரியன் போட்டது காலைல. இது மத்தியானம். பிறை போட்ட இந்த ஆறும் ராத்திரிக்கு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஷமீமாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. பாயம்மா டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“டாக்டர், இவளுக்கு என்ன நோய்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நாளைக்கு ஜும்மா தொழுக முடிஞ்சு என் அண்ணன் வர்றாரு. இவள ஓ.டி.யில அவுங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வரப் போறோம்.”

“எதுக்கு?”

“மருந்து குடுத்தீங்க, ஆறு நாளும் என் கண் முன்னாடிதான் சாப்பிட்டா. நிக்கல. சாதாரண அரிப்புன்னா நின்னுருக்கணும்ல? என் பையன் போயி மூணு மாசம் ஆச்சு. அவன் இருந்தப்ப இல்லாத நோய் இப்ப எங்கேருந்து வந்துச்சு?”

சாப்பிட்டாள் என்ற சொல் எனக்குக் காதில் விழுந்தது. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

டாக்டரம்மாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் காட்டவில்லை. “நீங்க வெளியில உக்காருங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்” என்று பாயம்மாவை அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

“மாத்திரைய எப்படி எடுத்துக்கிட்ட?”

“ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தண்ணியோட. ரெண்டு நாள் வாந்தி வந்துச்சு. மாமி பாலு குடுத்தாங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அஞ்சலை, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் ஷமீமா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, “ஆயா சொன்னாங்க டாக்டர். நாந்தான் சரியா வாங்கிக்கல” என்றாள்.

அங்கேயே நான் தப்பித்திருக்கலாம். டாக்டரம்மா நம்பியிருப்பார். நாளைக்கு வீட்டை விட்டுப் போகப் போகிறவள், அந்த நிலைமையில் எனக்காகப் பொய் சொல்கிறாள்.

“இல்லம்மா,” என்றேன். “நான் சொல்லல. மாமியாரு நின்னாங்க, அந்தப் பக்கம் அந்தத் தம்பி நின்னுச்சு. பிறைய மட்டும் காட்டி அனுப்பிட்டேன்.”

டாக்டரம்மா ஷமீமாவைப் படுக்க வைத்து, வயிற்றில் பசையைத் தடவிக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடினார். கருவி கரகரவென்றது. இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். கரகரப்பு மட்டும்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். வயிற்றுக்குள் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் வெட்கத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? பிறகு இடுப்போரத்தில் குதிரை ஓடுவது போல டக்டக்கென்று கேட்டது. ஷமீமா கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓதினாள்.

“குழந்த நல்லா இருக்குது. அந்த மாத்திர வயித்துக்குள்ள போயி பெருசா ஒண்ணும் செஞ்சுருக்காது, வாந்தியோட போச்சு. எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்,” என்றார். “ஆனா பூஞ்ச இவ்ளோ ஜாஸ்தியா இருக்குதே. சர்க்கரையும் பாக்கணும். அஞ்சலை, குளுக்கோஸ் கரைச்சுக் குடுங்க.”

குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். ஷமீமாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்தேன். பாயம்மா பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

“நீயே சொல்லு ஆயா. நானா கெட்டவ? அவ வாந்தி எடுத்தா நாந்தான் அள்ளுறேன். தெனமும் பேரீச்சம்பழம், பாதாம் பாலு, நெய்யில ரவா பொரிச்சு, சீனி போட்டு… அவ அம்மா வீட்டுல பாத்துருப்பாளா இதெல்லாம்? எம் பையன் அங்க தனியாக் கெடந்து சம்பாரிக்கிறான். அவன் மொகத்துல கரியப் பூசுனா நான் சும்மா இருக்கணுமா?”

நான்தான் காரணம் என்று சொல்ல அதுவே நேரம். டாக்டரம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைகள் போதும். வலது பக்கம் ஒரு பெண்ணின் புருஷன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரமும் அப்படியே போனது.

ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா பாயம்மாவை உள்ளே கூப்பிட்டார். ஷமீமாவுக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை.

“பன்னு மாவு உப்புறதுக்கு ஈஸ்ட்டு போடுவாங்கள்ல பாயம்மா? அந்த ஜாதிதான் இது. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். கர்ப்பமானா கூடும். சர்க்கர ஏறுனா பொங்கிரும். இது புருஷன் குடுத்ததும் இல்ல, வேற யாரும் குடுத்ததும் இல்ல. மத்த நோய்க்கெல்லாம் மூணாம் மாசமே டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் கெடையாது. இங்க வந்து பாருங்க” என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

பாயம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோதும் முகம் இளகவில்லை. “எனக்கென்ன தெரியும், நூலா இருக்குது. நீங்களும் பொம்பள. பொம்பளப் புள்ள பாவம்னு மறைப்பீங்க. மருந்து ஏன் கேக்கல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

அப்போது அவர் கையிலிருந்த போன் அடித்தது. ரியாஸ், வீடியோவில். “நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. நாளைக்கு மாமா வரணுமா வேணாமான்னு அவன் முடிவு பண்ணட்டும்” என்று பாயம்மா போனை நீட்டினார்.

டாக்டரம்மா ஷமீமாவிடம், “உன் உடம்பு விசயம். அவர்கிட்ட சொல்லலாமா?” என்று கேட்டார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அதே நேரம் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, தலை தெரிகிறது என்றாள். டாக்டரம்மா எழுந்துவிட்டார். கதவருகே போய்த் திரும்பினார்.

“அஞ்சலை, நீ சொல்லு.”

‘நீ’ என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போனில் தாடி வைத்த ஒரு பையன், பின்னால் இரும்புக் கட்டில்கள். நான் என் சொந்த மருமகன் முகத்தைப் பார்த்துக்கூடப் பேசியதில்லை.

“தம்பி, நான் இங்க ஆயா. உங்க வீட்டுப் புள்ளைக்கு மருந்து கேக்காததுக்குக் காரணம் நான். அது வாயில சாப்பிடுற மாத்திர இல்ல.” மூச்சு வாங்கியது. “பொறப்புறுப்புக்குள்ள, விரலால வைக்கிற மாத்திர. ராத்திரி படுக்கும்போது மல்லாந்து படுத்து வைக்கணும். அத நான் சொல்லல. சொல்ல வெக்கப்பட்டேன். அந்தப் புள்ள முழுங்கிருச்சு. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது.”

போனில் அவன் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“அவ சொல்லலையே எங்கிட்ட,” என்றான் அவன். “ஷமீ, ஏன் நீ சொல்லல?”

ஷமீமா எட்டிப் போன் பக்கம் குனிந்தாள். “உங்களுக்குத்தான் ஏதோ நோயின்னு நெனச்சேன் மச்சான். நீங்க குடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு.”

“எனக்கா? அடிப்பாவி!” என்றான். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு குரல் மாறியது. “அம்மா, மாமாவுக்குப் போன் போடுங்க. நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பாயம்மா போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. “அப்ப அந்தப் பேரீச்சம்பழம், பாலெல்லாம்?” என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

“நிறுத்தணும் பாயம்மா. டாக்டரம்மா எழுதித் தருவாங்க, என்ன சாப்பிடணும்னு.”

“நாந்தான் ஊட்டுனேன்,” என்றார்.

அன்றைக்கு ஷமீமாவைத் தனியாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய், புதிதாக ஆறு மாத்திரை கொடுத்து, நகம் வெட்டுவதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவளைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டேன். ஏழாம் நாள் வந்தாள். அரிப்பு நின்றிருந்தது, வெந்த தோலும் ஆறியிருந்தது. சர்க்கரை சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே இறங்கிவிட்டது. எட்டாம் மாதத்தில் ஒரு தடவை பூஞ்சை திரும்ப வந்தது. அப்போது அவளாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து, உட்காருவதற்கு முன்பே சொன்னாள். பிரசவம் சிதம்பரத்திலேயே ஆனது, பெண் பிள்ளை.

பிள்ளை பிறந்த பதினைந்து நாளில், மத்தியானம் கிளினிக் காலியாக இருந்த நேரம், மைமூன் பாயம்மா தனியாக வந்தார். காரில் இல்லை, பஸ்ஸில். குழந்தைக்கு ஏதோ என்று பயந்து எழுந்தேன். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றார். நானும் போனேன்.

“எனக்கும் இருக்குது ஆயா,” என்றார். “சின்னவன் வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சுது. விட்டு விட்டு வருது. எங்க வீட்டுக்காரரு அப்ப சிங்கப்பூர்ல. அவருதான் குடுத்தாருன்னு நெனச்சு, அவரு கண்ண மூடி மவுத்தாவுற வரைக்கும் அவருகிட்ட நான் மொகங்குடுத்துப் பேசல. இத்தன வருசம் யாருகிட்டயும் சொல்லல.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் டாக்டரம்மா பார்க்கட்டும், சர்க்கரையும் பார்க்கட்டும் என்றேன். பார்த்தார். சர்க்கரை இருந்தது, பூஞ்சையும் இருந்தது. மாத்திரை எழுதினார்.

கவரை நீட்டியபோது பாயம்மா அதை வாங்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“மொதல்ல சொல்லு,” என்றார். “மொணமொணக்காம சொல்லு.”